வேலை தரும் நோயை வேலையிடத்திலேயே கண்டுபிடிப்பது: டர்பன் ஆலைகளுக்கான முழுமையான வழிகாட்டி

தென்னாப்பிரிக்காவின் டர்பனைச் சுற்றி ஜேக்கப்ஸ், மொபெனி, பைன்டவுன், டொங்காட் என்று எந்தப் பக்கம் போனாலும் ஆண்டுக்கொரு முறை ஆலை வாசலில் ஒரு மருத்துவ வண்டி வந்து நிற்கும். எடை, ரத்த அழுத்தம், சர்க்கரை, கண் எல்லாம் பார்ப்பார்கள். மாலைக்குள் எல்லோருக்கும் ‘வேலைக்குத் தகுதி’ என்று ஒரு தாள் வந்துவிடும். இங்குள்ள தமிழர்களான நம்மவர்களிடையே சர்க்கரை நோய் இருக்கும் அளவைப் பார்த்தால் இந்தச் சோதனையை வீண் என்று சொல்ல முடியாது. ஆனால் வெல்டிங் புகை, பருத்தித் தூசு, பெயின்ட் ஆவி, இயந்திர இரைச்சல் ஆகியவை உடம்பில் செய்யும் வேலையை இது காட்டாது. எல்லோருக்கும் ஒரே சோதனை செய்தால் அதைத் தொழில்நோய்ப் பரிசோதனை என்று நான் ஏற்கமாட்டேன். அது ஆளுக்கு ஆள் மாறவேண்டும், ஏனென்றால் வேலை ஆளுக்கு ஆள் மாறுகிறது.

இந்த வழிகாட்டி மூன்று வகையினருக்கு: சிறிய ஆலை நடத்துபவர், ஆலையின் பாதுகாப்புப் பிரதிநிதி, தன் உடம்பில் என்ன நடக்கிறது என்று அறிய விரும்பும் தொழிலாளி. சட்டமும் படிவங்களும் தென்னாப்பிரிக்காவுக்குரியவை. விளக்கத்துக்காக ஒரு மரச்சாமான் பட்டறையைக் கற்பனை செய்துகொள்வோம். நாற்பது பேர் வேலை செய்கிறார்கள். ஒரு மூலையில் ரம்பமும் இழைப்பு இயந்திரமும், இன்னொரு மூலையில் வார்னிஷ் தெளிக்கும் அறை, நடுவில் ஒட்டுதலும் பொருத்துதலும்.

முதல் படி: மருத்துவரை அழைக்குமுன் ஆலைக்குள் நடங்கள்

கையில் ஒரு நோட்டுப் புத்தகம் போதும். மூலப்பொருள் இறங்கும் வாசலில் தொடங்கி, முடிந்த பொருள் ஏறும் வாசல் வரை நடந்து, ஒவ்வொரு இடத்திலும் நான்கு கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள். இங்கே என்ன பொருள் கையாளப்படுகிறது? அது காற்றிலா, தோலிலா, வாய்வழியா உடம்புக்குள் போகிறது? எத்தனை பேர், எத்தனை மணி நேரம்? இப்போது என்ன தடுப்பு இருக்கிறது?

துப்புரவு செய்பவரையும் பழுதுபார்ப்பவரையும் விட்டுவிடாதீர்கள். பட்டியலில் பெரும்பாலும் விடுபடுபவர்கள் இவர்கள்தான். தூசு உறிஞ்சும் இயந்திரத்தின் பையைக் கழற்றி உதறுபவர் ஒருவர் இருப்பார். அந்தப் பத்து நிமிடத்தில் அவர் சுவாசிக்கும் மரத்தூள், ரம்பக்காரர் நாள் முழுக்கச் சுவாசிப்பதைவிட அதிகமாக இருக்கக்கூடும். இரவு ஷிஃப்ட், ஒப்பந்தத் தொழிலாளர், வாரக் கடைசியில் மட்டும் வருபவர் எல்லோரும் பட்டியலில் வேண்டும்.

ஒவ்வொரு டப்பாவுக்கும் டிரம்முக்கும் பாதுகாப்புத் தகவல் தாள் கேளுங்கள். விற்பவர் அதைக் கொடுக்கக் கடமைப்பட்டவர். பதினாறு பகுதிகள் கொண்ட அந்தத் தாளில் இரண்டாம் பகுதி ஆபத்தையும், மூன்றாம் பகுதி உள்ளே இருக்கும் பொருள்களையும், எட்டாம் பகுதி அனுமதிக்கப்பட்ட அளவையும் பாதுகாப்புச் சாதனத்தையும் சொல்லும். நம் பட்டறையின் வார்னிஷ் இரண்டு டப்பாக்களைக் கலந்து தெளிக்கும் வகை என்றால், கெட்டியாக்கும் டப்பாவின் தாளில் ‘ஐசோசயனேட்’ என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். அது மூச்சில் போய் ஆஸ்துமாவைத் தரக்கூடிய ரசாயனம்; இருந்தால் அந்த அறையில் வேலை செய்பவர்களின் பரிசோதனைத் திட்டமே மாறிவிடும்.

20 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புப் பிரதிநிதி கட்டாயம். 1993ஆம் ஆண்டின் 85ஆம் எண் தொழில்சார் நலம் மற்றும் பாதுகாப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. ஆலைகளில் 50 பேருக்கு ஒருவர் என்பது கணக்கு. இந்த நடையில் அவர் கூட வரவேண்டும். முதலாளி தனியாக நடந்தால் இயந்திரங்கள் எல்லாம் அன்று ஒழுங்காக ஓடும்.

இரண்டாம் படி: அளப்பது

கண்ணால் பார்த்தது போதாத இடங்களில் காற்றையும் இரைச்சலையும் அளக்கவேண்டும். அதற்குத் தொழிலாளர் துறையின் அங்கீகாரம் பெற்ற ஆய்வு நிறுவனங்கள் இருக்கின்றன. அவர்களை அழைக்குமுன் நீங்களே ஒரு எளிய சோதனை செய்யலாம். ஒரு மீட்டர் தள்ளி நிற்பவரிடம் குரலை உயர்த்தாமல் பேச முடியவில்லை என்றால் இரைச்சல் 85 டெசிபெல்லை எட்டியிருக்க வாய்ப்புண்டு.

எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபெல் என்பது நம் நாட்டின் எல்லை. இங்கே ஒரு கணக்கு பலருக்குத் தெரிவதில்லை. 3 டெசிபெல் கூடினால் ஒலியின் ஆற்றல் இரட்டிப்பாகிறது, அதனால் பாதுகாப்பாக இருக்கக்கூடிய நேரம் பாதியாகிறது. 88க்கு நான்கு மணி நேரம், 91க்கு இரண்டு மணி நேரம், 94க்கு ஒரு மணி நேரம். மரம் இழைக்கும் இயந்திரம் 94ஐத் தாண்டுவது அரிதல்ல. ‘கொஞ்சம்தானே கூட இருக்கிறது’ என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை.

அளப்பவர் வரும் நாளில் உற்பத்தியைக் குறைத்துக் காட்டும் வழக்கம் ஒன்று உண்டு. அறிக்கை அழகாக வரும். பிறகு யாருக்காவது காது போனால், அந்த அறிக்கையைக் காட்டியே ‘இங்கே இரைச்சல் இல்லை’ என்பார்கள். தொழிலாளர் தரப்பு அன்று கவனமாக இருந்து, எந்த இயந்திரங்கள் ஓடின என்று தனியாக எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

மூன்றாம் படி: யாருக்கு என்ன சோதனை

முதல் இரண்டு படிகளின் பட்டியலை எடுத்துக்கொண்டு தொழில்சார் மருத்துவத்தில் பயிற்சி பெற்ற மருத்துவரிடம் செல்லுங்கள். நம் பட்டறையில் அது ஏறக்குறைய இப்படி அமையும்:

- ரம்பம், இழைப்பு: செவித்திறன், நுரையீரல் திறன், மூக்கு பற்றிய கேள்விகள். மரத்தூள் ஆஸ்துமாவையும், நீண்ட காலத்தில் மூக்கு உட்குழிப் புற்றுநோயையும் தரவல்லது.
- வார்னிஷ் அறை: சுவாசக் கேள்வித்தாள், நுரையீரல் திறன், தோல், கரைப்பான்களுக்காக (தின்னர் போன்றவை) சிறுநீர்ச் சோதனை.
- ஒட்டுதல், பொருத்துதல்: தோல், முதுகு, தோள், மணிக்கட்டு.
- அலுவலகம்: இந்தத் திட்டத்தில் எதுவும் வேண்டியதில்லை.

கடைசி வரியைப் பார்த்துச் சிலர் முகம் சுளிப்பார்கள். தேவையற்ற எக்ஸ்ரேயும் தேவையற்ற ரத்தமும் யாருக்கும் நன்மை செய்வதில்லை.

மற்ற ஆலைகளுக்குப் பட்டியல் வேறு. பேட்டரி உருக்கும் இடத்தில் ரத்தத்தில் ஈயம். வார்ப்பாலையிலும் கல் உடைக்கும் இடத்திலும் சிலிக்கா என்னும் கல்தூசுக்காக மார்பு எக்ஸ்ரே, கூடவே காசநோய்ச் சோதனை. நெசவாலையில் பருத்தித் தூசு. மாவாலையிலும் பேக்கரியிலும் மாவு ஆஸ்துமா. சர்க்கரை ஆலையில் பழைய கரும்புச் சக்கைக் குவியலில் வளரும் நுண்ணுயிர்கள் நுரையீரலில் ஒவ்வாமை அழற்சியைக் கிளப்பும். 1860இல் கரும்புக்காகக் கப்பலேறி வந்தவர்களின் வழித்தோன்றல்களில் இன்றும் ஆலைக்குள் இருப்பவர்களுக்கு இது அன்னியமான நோயல்ல.

எப்போது செய்வது? வேலையில் சேரும்போது அடிப்படைச் சோதனை, இடையில் குறித்த கால இடைவெளியில், வேலையை விடும்போது கடைசியாக ஒன்று. ரசாயனங்களுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு மிகாத இடைவெளி என்பது பொது விதி; மருத்துவர் அதைச் சுருக்கலாம். ஐசோசயனேட் போன்ற பொருள்களுக்குச் சுருக்கத்தான் வேண்டும், முக்கியமாக முதல் ஆண்டில். வேலை மாறும்போதும் புதிய ரசாயனம் வரும்போதும் பட்டியலைத் திருத்துங்கள்.

செலவு முழுவதும் முதலாளியுடையது. பாதுகாப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவின்படி பாதுகாப்புக்காகச் செய்யவேண்டிய எதற்கும் சம்பளத்தில் பிடித்தம் கூடாது. காதடைப்பானுக்கும் இது பொருந்தும்.

நான்காம் படி: ரகசியம்

இதைச் சரியாகச் செய்யாவிட்டால் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும். பரிசோதனை அறைக்குள் சொன்னது மேற்பார்வையாளர் காதுக்குப் போகும் என்று ஒருமுறை தெரிந்துவிட்டால், அடுத்த ஆண்டு யாருக்கும் இருமலே இருக்காது.

முதலாளிக்குப் போகவேண்டியது ஒரே ஒரு வரி: தகுதி, நிபந்தனையுடன் தகுதி, தற்காலிகமாகத் தகுதியில்லை, தகுதியில்லை. நிபந்தனை என்றால் என்ன நிபந்தனை என்பதும் சேரும். நோயின் பெயர் போகக்கூடாது. தொழிலாளிக்கோ முழு முடிவும், அவருக்குப் புரியும் மொழியில், பிரதியுடன் தரப்படவேண்டும்.

எச்ஐவி சோதனையை யாரும் இதில் நுழைக்க முடியாது. வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டத்தின் 7ஆம் பிரிவின்படி, தொழிலாளர் நீதிமன்றம் நியாயம் என்று ஏற்றாலன்றி முதலாளி அதைச் செய்விக்கத் தடை உண்டு. தொழிலாளி தானாக விரும்பிக் கேட்டால் அது வேறு, அதன் முடிவு ஆலைக் கோப்பில் சேராது.

மொழிபெயர்ப்புக்கு மேற்பார்வையாளரை உட்கார வைக்காதீர்கள். நம் ஆலைகளில் பெரும்பாலோர் ஜூலு பேசுபவர்கள். வயதான தமிழ்ப் பெண் ஒருவர் ஆங்கிலத்தில் ‘ஃபைன்’ என்று சொல்லி முடித்துவிடுவார். நம் மொழியில் நிதானமாகக் கேட்டால்தான் இரவில் மூச்சு இழுப்பதைச் சொல்வார். செவிலியரோடு வெளியாள் ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள்.

ஐந்தாம் படி: வாழ்க்கை முழுவதன் வேலையையும் கேளுங்கள்

எந்த இயந்திரமும் கண்டுபிடிக்காததை அரை மணி நேரப் பேச்சு கண்டுபிடிக்கும். ‘இப்போது என்ன வேலை?’ என்பது போதாது. பள்ளியை விட்டதிலிருந்து செய்த ஒவ்வொரு வேலையையும் ஆண்டு வரிசையில் எழுதுங்கள். வேலையின் பெயரை எழுதிவிட்டு நிறுத்தாமல், கையால் என்ன செய்தார் என்று கேளுங்கள். ‘பொது உதவியாளர்’ என்ற பெயருக்குள் கொதிகலனின் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) உறையை உரித்த வேலை ஒளிந்திருக்கும்.

இது ஏன் முக்கியம்? கல்நார் தரும் மீசோதீலியோமா புற்றுநோய் முதல் தூசு உள்ளே போன பிறகு முப்பது நாற்பது ஆண்டுகள் கழித்தும் வெளிப்படலாம். அந்த உறவை உலகுக்குக் காட்டியதே நம் நாடு. வட கேப்பின் நீலக் கல்நார்ப் பகுதியைச் சுற்றி 33 நோயாளிகளைப் பற்றி மருத்துவர் வாக்னரும் உடனிருந்தவர்களும் 1960இல் எழுதினார்கள். அவர்களில் பலர் சுரங்கத்துக்குள் இறங்கியதே இல்லை, அருகில் வாழ்ந்தவர்கள். தென்னாப்பிரிக்கா கல்நாரை 2008இல் தடை செய்தது. நம் கூரைகளில் அது இன்னும் இருக்கிறது. ஆகவே கணவரின் வேலை உடையை உதறித் துவைத்த மனைவியின் கதையும் கேட்கப்படவேண்டும்.

பிறகு நேரத்தைக் கேளுங்கள். இருமல் வேலை நாளில் கூடி, ஞாயிறன்று குறைந்து, ஊருக்குப் போன விடுமுறையில் முற்றிலும் போய்விடுகிறதா? அப்படியென்றால் தொழில் ஆஸ்துமா என்று சந்தேகியுங்கள். பருத்தியில் இதற்கு நேரெதிர்: ஓய்வுக்குப் பின் வரும் திங்கட்கிழமை மார்பு இறுகும், வாரம் போகப்போகத் தளரும். வேலை முடிந்து வீட்டில் இரவு பத்து மணிக்கு வரும் மூச்சிழுப்பையும் அலட்சியம் செய்யாதீர்கள். ஐசோசயனேட் பல மணி நேரம் தாமதித்தும் தாக்கும்.

வேலைக்கு வெளியே உள்ளவையும் இதே தாளில். புகை, சொந்த வீட்டுப் பட்டறை, துப்பாக்கி சுடுதல், கோயிலில் மேளம் வாசிப்பது. நாட்டு மருந்து சாப்பிடுகிறாரா என்று தனியாகக் கேளுங்கள். சில செந்தூரங்களிலும் பற்பங்களிலும் ஈயமும் பாதரசமும் இருக்கும். ரத்த அளவு உயர்ந்தால் ஆலையைக் குற்றம் சாட்டுமுன் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அதேபோல், நாட்டு மருந்தைக் காட்டி ஆலை தப்பிக்கவும் விடக்கூடாது. ஒரே பகுதியில் ஐந்து பேருக்கு உயர்ந்திருந்தால் ஐந்து பேரும் ஒரே மருந்தைச் சாப்பிட்டிருக்க வாய்ப்பில்லை.

ஆறாம் படி: சோதனை நாள்

*காது.* அடிப்படைச் சோதனைக்கு முன் 16 மணி நேரம் இரைச்சலில்லாமல் இருக்கவேண்டும். இல்லையென்றால் களைத்த காதின் அளவு நிரந்தர அளவாகப் பதிவாகிவிடும். அது தொழிலாளிக்குத்தான் நட்டம், ஏனெனில் பிற்காலத்தில் காது எவ்வளவு கெட்டது என்பது இந்தத் தாளோடு ஒப்பிட்டே முடிவாகும். ஆகவே திங்கள் காலையில் வையுங்கள், ஆனால் நாட்காட்டியைப் பார்த்து வையுங்கள். தைப்பூசக் காவடிக்கு மறுநாள் வேண்டாம். உறுமியும் ஒலிபெருக்கியும் எந்த ரம்பத்துக்கும் சளைத்தவையல்ல.

காதில் குறும்பி அடைத்திருக்கிறதா என்று முதலில் பார்க்கவேண்டும். ஒலி புகாத அறையில் தாழ்ந்த சுருதி முதல் 8,000 ஹெர்ட்ஸ் வரை ஒவ்வொரு காதாகச் சோதிப்பார்கள். இரைச்சலால் வரும் இழப்பு முதலில் 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு பள்ளமாகத் தெரியும். பேச்சைக் கேட்பதற்கு அப்போது சிரமம் இருக்காது, அதனால் ‘எனக்கு நன்றாகக் கேட்கிறது’ என்பார் தொழிலாளி. அந்தப் பள்ளத்தைக் கண்ட உடனே செயல்பட்டால்தான் சோதனைக்குப் பொருள். அடிப்படை அளவிலிருந்து இழப்பு 10 சதவீதத்துக்கு மேல் கூடினால் இழப்பீட்டுக்கு உரிமை எழுகிறது. ஆனால் அதுவரை காத்திருப்பது கொடுமை, போன செவிப்புலன் திரும்புவதில்லை.

*மூச்சு.* நுரையீரல் திறன் சோதனை என்பது ஊதும் சோதனை. முழுமையாக இழுத்து, ஒரே வீச்சில் வேகமாக, கடைசிவரை ஊதவேண்டும். சரியான மூன்று ஊதல்கள் வேண்டும், அவற்றில் சிறந்த இரண்டும் 150 மில்லிலிட்டருக்குள் ஒத்துப்போக வேண்டும். கருவியை அன்று காலை 3 லிட்டர் ஊசிக்குழாயால் சரிபார்த்தார்களா என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. அண்மையில் மாரடைப்போ கண் அறுவையோ ஆனவர் ஊதக்கூடாது.

ஒரு நாள் ஊதலில் ஆஸ்துமா தப்பிவிடும். சந்தேகம் வந்தால் சிறிய ஊதுகருவி ஒன்றை வீட்டுக்குக் கொடுத்து, நாளுக்கு நான்கு முறையாவது, வேலை நாட்களும் விடுமுறை நாட்களும் சேர்ந்த சில வாரங்களுக்கு எழுதச் சொல்வார்கள். அந்த வரைபடம் வேலை நாட்களில் சரிந்து ஓய்வில் ஏறினால் அதைவிட வலுவான சாட்சி வேறில்லை.

*எக்ஸ்ரே.* சிலிக்கா, கல்நார், நிலக்கரித் தூசுக்கு. உலகத் தொழிலாளர் அமைப்பின் தர வரிசைப்படி படிக்கத் தெரிந்தவர் படிக்கவேண்டும். சாதாரண அறிக்கை ‘குறிப்பிடத்தக்க எதுவும் இல்லை’ என்று முடிந்துவிடும். சிலிக்கா படிந்த நுரையீரலில் காசநோய் எளிதில் பிடிக்கும் என்பதால் சளிச் சோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

*ரத்தமும் சிறுநீரும்.* ஈயத்துக்கு ரத்தம் எடுக்குமுன் கையை நன்றாகக் கழுவவேண்டும். தோலில் ஒட்டிய தூசு முடிவைக் கெடுக்கும். கரைப்பான்களுக்கான சிறுநீரை ஷிஃப்ட் முடியும்போது எடுக்கவேண்டும், காலையில் எடுத்தால் தடயம் கரைந்துபோயிருக்கும். டொலுயின் என்ற கரைப்பானுக்காக ஹிப்யூரிக் அமிலத்தை அளக்கும் பழைய முறை ஒன்று உண்டு. கடையில் வாங்கும் குளிர்பானத்திலும் சில ஊறுகாய்களிலும் இருக்கும் பென்சோயேட் அதே அமிலத்தை உடம்பில் உண்டாக்கிவிடும். ஆகவே வேறு குறிப்பானைக் கேளுங்கள். மரத்துக்கு ஆர்சனிக் மருந்தேற்றும் ஆலைகளில் சோதனைக்கு மூன்று நாள் முன்னிருந்தே நண்டும் இறாலும் மீனும் வேண்டாம். புரட்டாசி விரதத்தில் இருப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

*தோல்.* கைகளின் இரு பக்கமும், விரலிடுக்கும், முன்கையும் பாருங்கள். ஐந்து நிமிட வேலை, ஆனால் பெரும்பாலும் யாரும் செய்வதில்லை.

ஏழாம் படி: முடிவுகளைக் கூட்டமாகவும் படியுங்கள்

ஒவ்வொருவரின் தாளையும் தனித்தனியாகப் பார்த்துவிட்டு அலமாரியில் வைப்பதுதான் வழக்கம். பெயர்களை நீக்கிப் பகுதிவாரியாக அடுக்கிப் பாருங்கள். ரம்பப் பகுதியில் எட்டுப் பேரில் ஐவருக்கு 4,000 ஹெர்ட்ஸ் பள்ளம் ஆழமாகிறது என்றால், அது அந்த ஐவரின் காதைப் பற்றிய செய்தியல்ல, அந்த இயந்திரத்தைப் பற்றிய செய்தி. யாருடைய தனி முடிவும் ‘தகுதியில்லை’ என்ற கோட்டைத் தொட்டிருக்காது, ஆனால் கூட்டமாகப் பார்த்தால் ஆபத்து தெரியும். பெயரில்லாத இந்தத் தொகுப்பு பாதுகாப்புக் குழுவின் மேசைக்கு வரவேண்டும். பிரதிநிதிகள் இதைக் கேட்டு வாங்குங்கள்.

எட்டாம் படி: ஆளை மாற்றுவதற்கு முன் ஆலையை மாற்றுங்கள்

1990களின் தொடக்கத்தில் டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையே உள்ள கேட்டோ ரிட்ஜில் பாதரச ஆலை ஒன்றில் தொழிலாளர்கள் நஞ்சேறி இறந்தார்கள். அப்படிப்பட்ட இடத்தில், உடம்பில் நஞ்சின் அளவு உயர்ந்த ஆளை எடுத்துவிட்டு அதே இடத்தில் புது ஆளை நிறுத்தினால் நஞ்சைப் பங்கிட்டுக் கொடுப்பதாகவே ஆகும். தனிநபரைத் தற்காலிகமாக விலக்குவது அவரைக் காப்பாற்ற, அதோடு நின்றுவிடக்கூடாது.

வரிசை இதுதான்: முதலில் பொருளை மாற்ற முடியுமா, பிறகு மூடிய அறை, உறிஞ்சும் காற்றோட்டம், இயந்திரத்தைத் தனியே வைப்பது, வேலை நேரத்தைக் குறைப்பது. முகமூடியும் காதடைப்பானும் கடைசியில். ஐசோசயனேட் தெளிப்பவருக்குத் துணி முகமூடி எந்தப் பாதுகாப்பும் தராது. வெளியிலிருந்து சுத்தக் காற்றைக் கொண்டுவரும் கருவி வேண்டும். ஒருமுறை ஒவ்வாமை ஏற்பட்டவர் மிகச் சிறிய அளவுக்கும் மூச்சுத் திணறுவார். அவரை அந்த அறைப் பக்கமே விடக்கூடாது, சம்பளம் குறையாமல் வேறு வேலைக்கு மாற்றும் பேச்சை உடனே தொடங்கவேண்டும்.

ஒன்பதாம் படி: அறிவிப்பும் இழப்பீடும்

தொழில்நோய் என்று மருத்துவர் கண்டாலோ சந்தேகித்தாலோ, பாதுகாப்புச் சட்டத்தின் 25ஆம் பிரிவின்படி முதலாளிக்கும் தொழிலாளர் துறையின் தலைமை ஆய்வாளருக்கும் அவர் அறிவிக்கவேண்டும். இழப்பீடு 1993ஆம் ஆண்டின் 130ஆம் எண் சட்டத்தின் கீழ் வருகிறது. படிவங்களின் எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: முதலாளியின் அறிவிப்பு டபிள்யூ.சிஎல். 1, தொழிலாளியின் கோரிக்கை 14, மருத்துவரின் முதல் அறிக்கை 22, தொடர் அறிக்கை 26, வேலை வரலாறு 110. ஐந்தாம் படியில் எழுதிய வரலாறு இந்த 110க்குத்தான் உயிர் கொடுக்கும். முதலாளிக்கு நோய் தெரிந்த நாளிலிருந்து 14 நாள் அவகாசம். அவர் இழுத்தடித்தால் தொழிலாளி தன் படிவத்தைத் தானே அனுப்பலாம்.

இந்த இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் உள்ள நோய் அதற்குரிய வேலையைச் செய்தவருக்கு வந்தால், வேலையால் வந்தது என்றே கொள்ளப்படும், மறுப்பவர்தான் நிரூபிக்கவேண்டும். இந்த ஒரு வரி தெரியாமல் எத்தனையோ பேர் ‘புகை பிடித்ததால்தான்’ என்ற பதிலோடு வீட்டுக்குப் போயிருக்கிறார்கள்.

சுரங்கத் தொழிலாளரின் நுரையீரல் நோய்களுக்குத் தனிச் சட்டம், 1973ஆம் ஆண்டின் 78ஆம் எண். நியூகாசில், டண்டீ நிலக்கரிச் சுரங்கங்களில் நம்மவர் இறங்கிய காலம் உண்டு; 1913இன் இந்தியத் தொழிலாளர் வேலைநிறுத்தமே அங்கிருந்துதான் பரவியது. முன்னாள் சுரங்கத் தொழிலாளி இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை இலவசமாக மார்புச் சோதனைக்குப் போகலாம். ஜோகன்னஸ்பர்க்கில் உள்ள தொழில்நோய் மருத்துவப் பணியகம் முடிவைச் சான்றளிக்கும். தங்கச் சுரங்கத்தில் சிலிக்கா நோய் பெற்றவர்களும் அவர்களின் குடும்பத்தாரும், 2019இல் நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டின்படி அமைந்த ட்ஷியாமிசோ அறக்கட்டளையிடமும் விசாரிக்கலாம்.

பத்தாம் படி: வேலையை விடும் நாள்

ஓய்வு பெற்றாலும் ஆட்குறைப்பில் போனாலும் வெளியேறும் சோதனையைக் கேட்டு வாங்குங்கள். ஆலை மூடும் அவசரத்தில் முதலில் கைவிடப்படுவது இதுதான். நெசவாலைகள் ஒவ்வொன்றாக மூடியபோது பலர் கையில் ஒரு தாளும் இல்லாமல் வெளியே வந்தார்கள். 2003ஆம் ஆண்டின் இரைச்சல் விதிமுறை பதிவுகளை 40 ஆண்டுகள் வைத்திருக்கச் சொன்னது, ஆனால் நிறுவனங்கள் அவ்வளவு காலம் உயிரோடு இருப்பதில்லை. ஆகவே செவித்திறன் வரைபடங்கள், ஊதல் அறிக்கைகள், ரத்த முடிவுகள், எக்ஸ்ரே, வேலை வரலாறு ஆகியவற்றின் பிரதிகளை அடையாள அட்டையோடு ஒரே கோப்பில் வீட்டில் வையுங்கள். அது எங்கே இருக்கிறது என்று மகளுக்கோ மகனுக்கோ சொல்லிவையுங்கள்.